தயாரித்தவர் என்ற கட்டம்

அறிவுலகத்துக்கும் அதன் அக்கம்பக்கத்தாருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஆய்வுக் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள், யார் யாரைக் காட்டாமல் அமுக்கினார்கள், எவர் உழைப்பில் எவர் பெயர் அச்சேறியது என்று நாற்பத்தோரு வருடம் துருவித் துருவி ஆராய்ந்த பேராசிரியர் அவர்கள், காலை பத்தே காலுக்கு, தம் வீட்டு நடு அறையில், அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல் இறந்துபோனார்.

பத்து இருபதுக்கு அவருடைய மகள் மின்விசிறியை அணைத்தாள். பத்து இருபத்தைந்துக்கு யாரோ போட்டார்கள். மறுபடி அணைத்துவிட்டு, சுவிட்சுக்கு முன்னாலேயே காவல் நின்றாள்.

"யாருடி அது விசிறிய நிறுத்தினது? வெந்து சாகறோம் இங்க," என்றாள் அத்தை.

"ஒரு மணி நேரம் சாகாம இருங்க அத்தை. காத்து பட்டா அப்பா கண்ணு காஞ்சுடும்."

"செத்தவன் கண்ணு காஞ்சா என்ன, நனைஞ்சா என்ன?"

"இன்னொருத்தருக்குப் போகணும்ல."

அத்தை, செத்துக் கிடந்த தன் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் தனக்கே விசிறிக்கொண்டு, "உன் பொழப்பே அதானே, மறந்துட்டேன்," என்றாள்.

பொழப்பு அதுதான். மகள் கண் வங்கியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள். இமையை மூடுங்கள், ஈரப் பஞ்சு வையுங்கள், விசிறியை நிறுத்துங்கள், தலையைச் சற்று உயர்த்துங்கள் என்று நூற்றுக்கணக்கான வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள். இன்று சொல்லவும் அவளே, செய்யவும் அவளே. தலையணை அமுங்கிப் போனதால் அடியில் அப்பாவின் தடித்த புத்தகம் ஒன்றைச் செருகினாள். அந்தப் புத்தகம் ஒரு மனிதருக்குப் பயன்பட்டதாக அறியப்படுவது அதுவே முதல் முறை.

வலது இமை சொன்னபடி மூடிக்கொண்டது. இடது இமை ஒரு கோடு அளவுக்குத் திறந்தே கிடந்தது. எத்தனை முறை நீவிவிட்டாலும் மெல்ல ஏறியது. அவருக்கு எதையும் முழுதாக மூடத் தெரியாது. முடிவுரைக்குப் பிறகும் மூன்று பின்னிணைப்பு வைக்கிற ஆள். அந்தக் கோட்டின் வழியாக அவர் அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. பஞ்சை வைத்தாள். பஞ்சுக்குப் பின்னாலிருந்தும் பார்ப்பதுபோல இருந்தது.

கண் வங்கியிலிருந்து ஆள் வருவதற்குள் துறைத்தலைவர் வந்துவிட்டார். பேராசிரியரின் முதல் மாணவர். இப்போது பேராசிரியர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். கையில் ஒரு தாள். இரங்கலுரையை வண்டியில் வரும்போதே எழுதி முடித்திருந்தார். அதில் எட்டு மேற்கோள்கள் இருந்தன. ஆறு, தம்முடைய சொந்தக் கட்டுரைகளிலிருந்தே.

"மேடம், இரண்டு கண்களும் இரண்டு குடும்பங்களுக்கு ஒளி தரப்போகின்றன. இதை நான் பதிவு செய்தாகணும்," என்றார் அம்மாவிடம்.

அம்மா கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "பதிவு பண்ணுங்க," என்றாள், மழைக்குக் குடை கேட்டவருக்குக் கொடுப்பதுபோல.

கண் எடுக்க வந்தவர் மகளோடு வேலை செய்பவர். பையைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, தலையெல்லாம் சரியா வச்சிருக்கீங்க," என்றார். அந்தத் தொழிலில் அதுதான் துக்கம் விசாரிப்பு. ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அம்மா கையெழுத்திட்டாள்.

"சாட்சி ஒருத்தர் போடணும்."

"நான் போடறேன்," என்று துறைத்தலைவர் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பேனா மூடி திறந்த சத்தத்தில் மகளுக்கு என்னவோ ஆயிற்று. அப்பாவின் பெயருக்கு அடுத்தாற்போல் இந்த ஆளின் பெயர் வந்து உட்கார்வதை அவள் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். படிவத்தை வெடுக்கென்று இழுத்து, சாட்சி என்ற இடத்தில் உறவு 'மகள்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள். பேனா திறந்தபடியே நின்றது.

"அதுவும் சரிதான்," என்றார் துறைத்தலைவர். "வாங்கிக்கறவங்க யாருன்னு எங்களுக்குச் சொல்வீங்கல்ல?"

"சொல்ல மாட்டோம் சார். அவங்களுக்கும் இவர் யாருன்னு தெரியாது. ஒரு நம்பர்தான்," என்றார் கண் எடுக்க வந்தவர்.

"நம்பரா? பெயர் விடுபடுதல் பற்றி உலகத்துக்கே சொல்லிக்கொடுத்தவர் சார் இவர்!"

"இருக்கட்டும் சார். கண்ணுக்கு அது தெரியாது."

கதவைச் சாத்தினார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. திறந்தபோது இரண்டு இமைகளும் ஒழுங்காக மூடியிருந்தன.

அம்மா மகளின் காதருகே வந்து, "உள்ள என்ன வச்சிருக்கு?" என்றாள்.

"பிளாஸ்டிக் மூடிம்மா. குழி தெரியாம இருக்க."

அம்மா கணவரின் மூடிய இமைகளைக் குனிந்து பார்த்தாள். "அப்ப இப்ப எங்கேருந்து பாக்கறார்?" என்று கேட்டாள்.

மகள் விசிறியைப் போட்டாள். மாலையில் உடலை எடுத்துக்கொண்டு போனார்கள்.

*

அந்த ஏற்கெனவே ஒரு தடவையைச் சொல்லிவிட வேண்டும்.

பேராசிரியரைப் பேராசிரியராக்கியது ஒரே ஒரு கட்டுரை. ஆய்வுகளில் வேலை செய்துவிட்டுப் பெயரில்லாமல் போனவர்களைப் பற்றியது: சோதனைக்கூட உதவியாளர்கள், படி எடுத்தவர்கள், கணக்குப் போட்ட மனைவிமார்கள். பன்னிரண்டாயிரம் மேற்கோள்களை ஒவ்வொன்றாக எண்ணி, அட்டைகளில் குறித்து, அதன்மேல் எழுந்த மாளிகை. எண்ணியது மகள். பத்தொன்பது வயதில், இரண்டு கோடை விடுமுறை, சாப்பாட்டு மேசையில். மேசை நிறைய அட்டை இருந்ததால் அந்த இரண்டு கோடையும் குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது.

கட்டுரை அச்சில் வந்தது. முதலில் அப்பா பெயர். அடுத்து, தட்டச்சு செய்துகொடுத்த முதல் மாணவரின் பெயர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், 'வீட்டில் உதவியவர்களுக்கும் நன்றி.' பெயர் விடுபட்டவர்களுக்காக உலகமெல்லாம் கண்ணீர் விட்ட கட்டுரை.

ஒரே ஒரு முறை கேட்டாள். "எண்ணறது எழுதறது ஆகாது பாப்பா," என்றார். "யாரு சொன்னது?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அது அவருடைய கேள்வி. மழை வரும்போல இருக்கிறது என்றால்கூட அந்த வீட்டில் 'யாரு சொன்னது?' என்றுதான் கேட்பார். அன்று அவரிடம் ஆதாரம் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. அவள் கண் வங்கிக்கு வந்தாள். அங்கேயும் எண்ணுகிற வேலைதான். அட்டைக்குப் பதில் செல். கருவிழியின் உள்பக்கத்தில் ஓடுகிற செல்களை எண்ணி, தேறுமா தேறாதா என்று சொல்வது. தேறினால் அந்த உள்சவ்வை உரித்துத் தயார் செய்வது. வெங்காயத்தின் இரண்டு இதழ்களுக்கு நடுவே இருக்குமே ஒரு கண்ணாடித் தோல், அதைவிடப் பல மடங்கு மெல்லிசு. ஆயிரத்துக்கு மேல் உரித்திருக்கிறாள். அதை வைத்து மருத்துவர்கள் எழுதுகிற கட்டுரைகளில் 'கண் வங்கி தயாரித்த திசு' என்று வரும். வீட்டில் உதவியவர்களைவிடக் கொஞ்சம் பரவாயில்லை.

இறப்பதற்கு ஐந்து நாள் முன்னால், கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அப்பா திடீரென்று கேட்டார்.

"என் கண்ணை யாரு பாப்பா உரிப்பா?"

"எங்க சீனியர். வாயை மூடிட்டு முழுங்குங்க."

"நீ உரியேன்."

"சொந்தக்காரங்களோடத தொடக் கூடாதுப்பா. ரூல்."

"நம்பர்தானே போகுதுன்ன? யாருக்குத் தெரியும்?" ஒரு வாய் இறங்கியது. "உரிச்சவங்க பேரு எங்கயாவது எழுதுவாங்களா?"

"படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. தயாரித்தவர்னு."

அவர் தலையை ஆட்டினார். நீண்ட நேரம் ஆட்டினார். "என் நம்பரும் உன் பேரும், ஒரே தாள்ல," என்றார். மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. அதன்பிறகு அவர் கோர்வையாக எதுவும் பேசவில்லை.

*

மறுநாள் காலை எட்டரைக்கு மகள் ஆய்வுக்கூடத்தில் நின்றாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் சீனியர். அந்த அம்மாளுக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. திட்டுவதற்கு மட்டும் வயதாகவில்லை. "நேத்து அப்பா போயிருக்கார். வீட்டுல உக்காந்து அழு, போ."

"அழுதுட்டேன். வலது கண்ணை நான் பண்றேன்."

"ரூல் எதுக்கு வச்சிருக்கான்? கை நடுங்கினா கிழியும். பதினோரு மணிக்கு ஆபரேஷன். ஒரு ஆளை மேசையில படுக்க வச்சிருப்பாங்க."

"நடுங்கினா எழுந்துடறேன். அவர் கேட்டார்."

"யாரு?"

மகள் குப்பியைக் காட்டினாள். இளஞ்சிவப்புத் திரவத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கருவிழி மிதந்தது. மேலே ஒட்டிய சீட்டில் ஏழு இலக்கம்.

சீனியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குத் தெரிஞ்சது நம்பர் மட்டும்தான். பண்ணு. ஆனா கையெழுத்து நான்தான் போடுவேன்."

"என்னது?"

"கோப்பைப் பாத்தியா? சாட்சின்னு உன் கையெழுத்து, மகள்னு உறவு எழுதியிருக்கு. அதே கையெழுத்து தயாரித்தவர் கட்டத்துலயும் இருந்தா, தரச் சரிபார்ப்புல அந்த நிமிஷமே தூக்கிப் போட்டுருவாங்க. திசு குப்பைக்குப் போகும். வேற எவனாவது சாட்சி போட்டிருந்தா நீ யாருன்னே தாளுக்குத் தெரிஞ்சிருக்காது. வேற ஆளே கிடைக்கலையா வீட்டுல?"

கிடைத்தார். பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தார்.

மகள் உட்கார்ந்தாள். கையுறை மாட்டினாள். இடது கண்ணில் முன்பே புரை அறுவை நடந்திருந்தது. செல்கள் தேறவில்லை, பயிற்சிக்கு ஒதுக்கியாயிற்று. வலதில் எண்ணினாள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. மறுபடி எண்ணினாள். அதேதான்.

நுண்ணோக்கியில் அது பெரிதாகி வந்தது. ஓரத்தைச் சுற்றி வெளிறிய வளையம். வயதானவர்களுக்கு வருவதுதான், ஆனால் இந்த வளையம் கீழ்ப்பக்கம் தடித்து மேல்பக்கம் மெலிந்திருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது வருடக்கணக்காக அவளைப் பார்த்திருக்கிறது. நம்பர் ஒட்டலாம். வளையத்துக்கு என்ன செய்வது?

அது எதையும் பார்க்காது. வெறும் ஜன்னல் கண்ணாடி. பார்க்கிற ஆள் வேறெங்கோ இருந்தவர், போய்விட்டார். இதை எத்தனை பேருக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். 'யாரு சொன்னது?' என்று பின்னாலிருந்து கேட்டது. அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை அசையும்.

நீலச் சாயம் விட்டுக் கழுவினாள். ஓரத்தில் கீறி, விளிம்பை எழுப்பி, இடுக்கியால் பிடித்தாள். இளசுகளின் சவ்வு ஒட்டிக்கொண்டு மல்லுக்கு நிற்கும். வயதானவர்களுடையது இறங்கி வரும். வாழ்நாளில் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர், இழுத்த இழுப்புக்கு வந்தார். கால்வாசி. அரைவாசி. மூச்சை எங்கே விட்டாள், எப்போது எடுத்தாள் என்று தெரியாது. ஒரு இடத்தில் மட்டும் சவ்வு நின்றது. அவளும் நின்றாள். மேசையில் அட்டைகள் பரப்பியிருந்தபோது அப்பா வந்து பின்னால் நின்றால் கழுத்தில் ஒரு சூடு தெரியும், அது தெரிந்தது. "அவசரமில்லை," என்று முணுமுணுத்தாள், யாருக்கென்று தெரியாமல். சவ்வு மறுபடி நகர்ந்தது.

கிழியவில்லை. ஓரத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. எந்தப் பக்கம் மேலே என்று மருத்துவருக்குத் தெரிவதற்காக ஒற்றை எழுத்து முத்திரையை மையில் தொட்டு ஒற்றினாள். அது எல்லாத் திசுவுக்கும் போடுகிற எழுத்து.

சீனியர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை. "நான்கூட இப்படி உரிச்சதில்லடி," என்றார்.

படிவம் மேசையில் இருந்தது. மேலே ஏழு இலக்கம். கீழே, தயாரித்தவர். மகள் பேனாவை எடுத்தாள். கட்டம் அவள் பெருவிரல் அகலம்கூட இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. பெட்டியை எடுத்துப் போக ஆள் வாசலில் வந்து நின்றாயிற்று. சீனியர் வேறு பக்கம் பார்த்தார். பார்க்காதது மரியாதையா, தப்பித்தலா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

பேனாவை சீனியர் பக்கம் நகர்த்தினாள்.

*

துறைத்தலைவரின் நினைவுக் கட்டுரை அடுத்த மாதம் வந்தது. இரண்டு கண்கள், இரண்டு குடும்பங்கள், இரண்டு விளக்குகள். குடும்பத்தினருக்கும் நன்றி சொல்லியிருந்தார், மொத்தமாக. அம்மா அதை மடித்து அலமாரியில் வைத்தாள். இரவில் தூங்கும்போது இப்போதெல்லாம் விளக்கை எரியவிட்டே தூங்குகிறாள். காரணம் கேட்டால், "அவருக்கு இருட்டு ஆகாது," என்கிறாள்.

ஆறாவது வாரம் மருத்துவர் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசினார். சீனியர் ஸ்பீக்கரில் போட்டார். மகள் அடுத்த குப்பியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"மேடம், அன்னிக்கு அனுப்பினீங்களே, வலது கண்ணு. இருபது வருஷத்துல அப்படி ஒரு திசு நான் பாத்ததில்ல. கட்டுரையா எழுதப்போறேன். உங்க பேரையும் சேர்த்துப் போடறேன்."

சீனியர் மகளைப் பார்த்தார். மகள் குப்பியைப் பார்த்தாள்.

"தேங்க்ஸ் டாக்டர்," என்றார் சீனியர். பிறகு, ஏதாவது பேச வேண்டுமே என்று, "பேஷண்ட் எப்படி இருக்கார்? படிக்க முடியுதா?" என்று கேட்டார்.

"சூப்பரா முடியுது. சார்ட்டுல கடைசி வரி, பொடி எழுத்து, அப்படியே ஒப்பிச்சார். வீட்டுல என்ன படிப்பீங்கன்னு கேட்டேன்."

"என்னவாம்?"

"படிக்கற பழக்கம் இல்லையாம்."