கைபிடித்து நடந்தவர்கள்

2004ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, கடல் கடந்த ஒரு குளிர்நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த பண்டைய ஈரானியப் பண்பாட்டு மன்றத்தின் சுவரில் ஒன்பது சாந்து மனிதர்களும் ஒரு ஆட்டுக்கடாவும் ஒரு எட்டு முன்னே வைத்தார்கள். வெளியே ஏழு பாகை, மெல்லிய தூறல். சொற்பொழிவு கேட்க வந்திருந்த பதினொரு பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தவள், மறுநாள் தரை கூட்ட வந்த அக்னெஸ். வரிசையில் கடைசியாக நிற்கும் கடாவின் பின்னங்கால் அதுவரை மின்சாரப் பிளக்குக்கு நேர் மேலே இருந்தது. இப்போது அதைத் தாண்டி நின்றது. அது விட்டுவந்த இடம் ஒரு கீறல் இல்லாமல் வெள்ளையாக இருந்தது. அக்னெஸ் தும்புத்தடியைச் சாத்திவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாய் திறவாமல் குப்பையை அள்ளிக்கொண்டு போனாள். எதையும் முதலில் சொல்கிறவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள் என்பதை அவள் மன்னாரிலேயே கற்றிருந்தாள்.

மன்றத்தை நிறுவியவர் பர்ஹாட் கெர்மானி என்ற பல் வைத்தியர். ஈரான் என்றால் இரவுச் செய்தியில் வருவது மட்டும்தான் என்று தன் பேரப்பிள்ளைகளே நம்புவதைக் கண்டு மனம் நொந்தவர், வைத்திய நிலையத்தை விற்றுவிட்டு, ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் நூலகம் வைத்தார். மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். மாதம் ஒரு சொற்பொழிவு நடத்தினார். பண்டைய பாரசீகரின் தலைநகரான பெர்சிபோலிஸின் அரண்மனைப் படிக்கட்டில் கல்லில் செதுக்கிய ஊர்வலத்தின் ஒரு துண்டைச் சாந்தில் வார்ப்பித்துச் சுவரில் பதித்தார். தூர தேசத்தார் அரசனுக்குக் காணிக்கை கொண்டுபோகும் ஊர்வலம் அது. ஒருவன் கையில் கிண்ணம், ஒருவன் கையில் துணி, கடைசியில் ஆட்டுக்கடா. எல்லோருக்கும் முன்னால் அரண்மனைச் சேவகன் ஒருவன், வந்தவர்களின் தலைவனைக் கைபிடித்து அழைத்துப் போகிறான். அந்தச் சேவகனை அக்னெஸுக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காது. 1990இல், ஒரு சோதனைச் சாவடியில், சீருடை போட்ட ஒருவன் சிரித்த முகத்தோடு அவளுடைய அண்ணன் ஹென்றியின் கையைப் பிடித்து, ஐந்து நிமிடம் என்று சொல்லிக் கூட்டிப்போனான். அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை. ஆகவே தூசு தட்டும்போதெல்லாம் அவள் சேவகனின் முகத்தை ஒருமுறை, கையை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

தை மாதம் ஊர்வலத்தின் முன்பாதி புத்தக அலுமாரிக்குப் பின்னால் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கெர்மானி அக்னெஸைச் சந்தேகித்தார். கூட்டம் சேர்க்க அவரே செய்கிற வித்தை என்று அறங்காவலர்கள் கெர்மானியைச் சந்தேகித்தார்கள். கேள்விப்பட்டு வந்த எழுபது பேர், முன்னால் பேசுகிறவரை விட்டுவிட்டுச் சுவரையும் ஒருவரையொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே யாரும் யாருக்கும் முதுகைக் காட்டி நிற்கவில்லை. கடைசியில் அறங்காவலர்களில் ஒருவரான பொறியியலாளர் மணிவாசகம், புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து அளவு நாடாவும் பென்சிலுமாகக் காரில் வந்து இறங்கினார். ஒவ்வொரு பாதத்தின் கீழும் கோடு போட்டார். பிறகு அக்னெஸைக் கூப்பிட்டார்.

"சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கும்மா?"

"டொக்டரிட்டையும் ஒண்டு இருக்கு, சேர்."

"அவர் எதுக்குத் தன்னோட சிலைகளையே நகர்த்தணும்?"

"அப்ப நான் ஏன் நகர்த்த வேணும்? கூட்டிப்போட்டு நிமிரவே என்ர இடுப்பு விடுகுதில்லை."

மணிவாசகம் சிரிக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். வேலை போனது. அக்னெஸுக்குக் காலையில் ஜான்-டலோன் சந்தையில் லீக்ஸும் பீட்றூட்டும் அடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியது. ஞாயிறு பூசையில், "என்ன அக்னெஸ், சிலையைக் களவெடுத்தனீங்களாம்?" என்று பக்கத்து வாங்கில் இருந்த ஊர்க்காரி செலீன் எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள். அக்னெஸ் அன்று நற்கருணை வாங்கப் போகவில்லை.

ஒவ்வொரு சொற்பொழிவும் முடிந்ததும் மன்றத்தின் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைக்கத் தொடங்கினார்கள். மாசியில் தூரத்திலிருந்து வந்த ஒரு பெரிய பேச்சாளர், உலகத்தில் எல்லாவற்றையும் முதலில் செய்தவர்கள் பாரசீகரே என்று இரண்டு மணி நேரம் முழங்கினார். கைதட்டலில் யன்னல் அதிர்ந்தது. சாந்து மனிதர்கள் அசையவில்லை. பங்குனியில் உதவித்தொகை பெறும் ஒரு மாணவி, கிண்ணம் ஏந்தியவனின் தொப்பி எப்படித் தைக்கப்பட்டது என்று திக்கித் திக்கி நாற்பது நிமிடம் வாசித்தாள். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மறுநாள் முத்திரையை உடைத்துப் பார்த்தபோது ஊர்வலம் இரண்டு எட்டுத் தள்ளி நின்றது. மணிவாசகம் இரண்டையும் குறிப்பேட்டில் எழுதினார். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. தான் இல்லாத நேரத்திலும் வேலை செய்கிற ஏதோ ஒன்றை அக்னெஸ் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தார்.

சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளை அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஒரு கதிரை. அக்னெஸ் உட்காரவில்லை. இப்படிப்பட்ட கதிரைகளை அவள் முன்பே கண்டிருக்கிறாள்.

"தெரிஞ்சதைச் சொல்லிடுங்க. யாரும் உங்களை ஒண்ணும் பண்ணமாட்டாங்க," என்றார் மணிவாசகம்.

அக்னெஸ் மேசையைச் சுற்றி வந்து அவருடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்தார், வரவில்லை.

"இது கொண்டுபோற பிடி. என்ர அண்ணையை இப்பிடித்தான் பிடிச்சவங்கள். சிரிச்சுக்கொண்டுதான் பிடிச்சவங்கள்." பிறகு மணிக்கட்டை விட்டு உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்தாள். "இது கூட்டிக்கொண்டு போற பிடி. சுவரிலை நிக்கிறவனைப் பாருங்கோ. மணிக்கட்டிலை அவன்ர விரல் படேல்லை. விருந்தாளியின்ர பெருவிரல் மேலை கிடக்கு, விடவேணுமெண்டா அந்தாள் விடலாம். ஒண்டரை வருசமா நான் அவனை நம்பேல்லை, சேர். நம்பாமல் ஒவ்வொரு நாளும் பார்த்தபடியாத்தான் எனக்கு இது தெரியும். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது."

மணிவாசகம் இதை ஆங்கிலத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். சொல்லி முடிக்குமுன், பட்டப்பகலில், ஆறு பேர் முன்னிலையில், ஊர்வலம் அலுமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. கரும்பலகையில் சோக்கட்டி உரசுவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது. பென்சில் கோடுகளை விட்டு ஏழு எட்டுகள் எடுத்துவைத்து, மூலையில் திரும்பி, மாடிப்படிச் சுவரில் நின்றார்கள். கடா மட்டும் மூலையில் சற்றுத் தயங்கியது. கெர்மானி எழுந்து போய்ச் சேவகனின் விரல்களைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை பார்த்தார். அந்தக் கையை முப்பது வருடமாகப் படங்களில் பார்த்து வந்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். மணிவாசகம் சிவந்துபோன மணிக்கட்டைத் தடவியபடி சாவியை நீட்டினார். "மன்னிச்சிடுங்கம்மா."

"பரவாயில்லை, சேர்," என்றாள் அக்னெஸ். ஆனால் சாவியை வாங்கியதும் அது பழைய சாவிதானா என்று கதவில் போட்டுப் பார்த்தாள்.

அவள் சொன்னதை மணிவாசகம் எழுதி மொழிபெயர்க்க, மன்றத்தின் ஆய்விதழ் அதைத் தொப்பிக் கட்டுரைக்கு அடுத்ததாக அவள் பெயரிலேயே வெளியிட்டது. செலீன் ஒரு பிரதி கேட்டு வாங்கினாள். ஊர்வலம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2006இல் கீழே பலசரக்குக் கடைக்குள் இறங்கியது. கடைக்காரர் ஒரு வாரம் பிரெஞ்சில் திட்டிவிட்டு, பால் வைக்கும் குளிர்ப்பெட்டியை ஒரு மீற்றர் நகர்த்திக் கொடுத்தார். மறு வருடம் தெருப்பக்கச் சுவருக்கு வந்தபோது, சிற்பத்துக்கு அனுமதி உண்டா என்று நகரசபையிலிருந்து கடிதம் வந்தது, கெர்மானி விண்ணப்பித்தார், நகரும் சிற்பம் என்ற பிரிவு இல்லாததால் விளம்பரப் பலகை என்று அனுமதி கொடுத்தார்கள். புதன்கிழமைகளில் அக்னெஸ் போய்க் கையின் பிடியைச் சரிபார்த்துவிட்டு வருவாள். 2009 மார்கழியில் அவர்கள் அக்காடி மெட்றோ ரயில் நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். நடைபாதை உறைந்திருக்கும் நாட்களில் அவர்கள் காலெடுத்து வைப்பதில்லை. நகரசபை வண்டி வந்து பனி கரைய உப்புப் போட்ட பிறகுதான் நடப்பார்கள்.