நாளைய கண்ணின் அளவு

கருவியின் தாங்கியில் தாடையை வைத்த கையோடு நீன்கா இறங்கிவிட்டாள். ஒன்றுக்குப் போக வேண்டுமாம். ஆறு வயதுப் பிள்ளையிடம் அதை அடக்கிக்கொள் என்று சொல்ல முடியுமா? பேருந்து ஓட்டுகிற சீருடையோடே வந்திருந்த அம்மா ஹில்கா, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். குரோனிங்கனில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் குழந்தைகளின் கண்ணை அளந்துகொண்டிருந்த காலம் அது. அறையில் இப்போது நானும் அப்பா ரெய்ண்டரும்தான்.

"கெர்டா, கூடுதலா வந்தா ஹில்காகிட்ட உடனே சொல்லிடாதீங்க. முதல்ல எனக்குச் சொல்லுங்க."

"எது கூடுதலா?"

"கண்ணுதான்."

நீன்காவுக்கு இடது கண்ணில் புரை. இரண்டு வயதில் அதை எடுத்துவிட்டு டாக்டர் ஹாவர்காம்ப் லென்ஸ் வைத்தார். அன்றைய கண்ணுக்குப் பொருந்தும் லென்ஸை அவர் வைக்கவில்லை. பிள்ளையின் கண் வளருமே! அடுத்த குளிருக்கும் ஆகட்டும் என்று தொளதொளவென்று கோட்டு வாங்குவோம் பாருங்கள், அப்படித்தான் இதுவும். வளர்ந்து சேரும்வரை குறையைக் கண்ணாடி நிரப்பும். எவ்வளவு வளரும் என்று டாக்டர் கணக்குப் போட்டு ஒரு வளைகோடு வரைந்து கொடுத்திருந்தார். ஆறு வயதில் முன்னிருந்து பின்வரை இருபத்திரண்டு புள்ளி ஒன்று மில்லிமீட்டர். அதை வெகுவாகத் தாண்டிக் கண் நீண்டுவிட்டால் லென்ஸை மாற்ற மறுபடியும் கத்தி வைக்க நேரலாம்.

ஒழுங்காகப் பார்க்கப் பழகாத கண் மட்டுமீறி நீளக்கூடும் என்றும் டாக்டர் எச்சரித்திருந்தார். அதனால்தான் தினமும் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டு போட்டு மூடி, மற்றதை வேலை வாங்க வேண்டும். ஒட்டு போடும் பிள்ளை இருக்கிற வீட்டுச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும். கழற்றிய ஒட்டை அன்றன்றைக்கு அதில் ஒட்டிவிடுவார்கள். படம் நிறைந்தால் பிள்ளைக்குப் பரிசு.

ரெய்ண்டர் ரொட்டி சுடுகிறவன். பள்ளி விட்டு வரும் நீன்காவை அவன்தான் பார்த்துக்கொள்வான்.

"அரை மணியில அழ ஆரம்பிச்சுடுவா. 'அப்பா, உன் மூஞ்சி சரியா தெரியலை'ம்பா. என்னால முடியாது கெர்டா. எடுத்துடுவேன். எடுத்ததைப் படத்துல ஒட்டிடுவேன். ரெண்டு வருஷமா. படம் நிறைய நிறைய ஹில்காவுக்கு அவ்வளவு சந்தோஷம்."

கையை மடியில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். திட்டியிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளை அப்படிச் சொன்னால் நானும்தான் என்ன செய்திருப்பேன்?

அவர்கள் திரும்பி வந்தார்கள். நீன்கா தாடையை வைத்தாள். சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். ஐந்து முறை அளந்தேன். அளக்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் முறை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. தாளை அவன் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், மடச்சி.

இருபத்திரண்டு புள்ளி ஒன்று எட்டு.

"தாண்டிடுச்சு," என்றான். "ஹில்கா, தாண்டிடுச்சு. என்னாலதான்." நான் தடுப்பதற்குள் அரை மணி, அழுகை, படம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"தெரியும்," என்றாள் ஹில்கா.

"என்ன தெரியும்?"

"ரெண்டு மணி நேரம் ஒட்டியிருந்ததுல புருவ முடி ஒண்ணு ரெண்டாவது ஒட்டிக்கிட்டு வரும். நீ படத்துல ஒட்டுறது வழவழன்னு அப்பதான் பிரிச்சது மாதிரி இருக்கும். பஸ் ஓட்டுறவளுக்குக் கண்ணு தெரியாதா என்ன?"

"அப்புறம் ஏன் கேக்கலை?"

"கேட்டா நீயும் அழுவ. வீட்டுல அழ ஒருத்தி போதாதா? விடியறதுக்கு முன்னாடி மாவு பிசையப் போகணும்னு ஏழு மணிக்கே குறட்டை விட ஆரம்பிச்சுடுற. அப்புறம் நாங்க புது ஒட்டு போட்டுக்கிட்டு, கதை படிச்சு, மிச்ச நேரத்தை முடிச்சுடுவோம். தினமும்."

"அவகிட்ட அழ மாட்டாளா?"

"அழுவா. அழுதுக்கிட்டேதான் படிப்போம்."

நீன்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பா சொல்லாதேன்னாரு. அம்மாவும் சொல்லாதேன்னாங்க. நான் ரெண்டு பேர்கிட்டயும் சொல்லலையே!"

டாக்டர் ஹாவர்காம்ப் உள்ளே வந்தபோது ரெய்ண்டர் அழுதுகொண்டிருந்தான். டாக்டர் தாளைப் பார்த்து, பழைய வளைகோட்டின் மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அது கோட்டின் மேலேயே உட்கார்ந்தது.

"யாரு அழவெச்சது? இந்த வித்தியாசமெல்லாம் ஒரு தலைமுடி கனம். என் கணக்கே இதைவிடப் பெருசாத் தப்பலாம்."

"அப்ப மறுபடியும் ஆபரேஷன்?" ஹில்காவின் குரல் அப்போதுதான் நடுங்கியது.

"இப்ப எதுக்கு? கண்ணு இன்னும் வளரும். அடுத்த வருஷம் வாங்க, பாப்போம்."

கோடு அந்தப் புள்ளிக்கு அப்பாலும் விட்டு விட்டு ஓடித் தாளின் விளிம்பில் முடிந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அவர்கள் போன பிறகு ஜன்னலருகே நின்றேன். கீழே சைக்கிள் நிறுத்தத்தில் காற்று சுழற்றியடித்தது. ரெய்ண்டர் ஒரு கையைப் பிடித்திருந்தான், ஹில்கா மறு கையை. நடுவில் நீன்கா, காற்றுக்கு எதிரே இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, அவர்கள் கூட்டிப்போன போக்கில் நடந்துகொண்டிருந்தாள்.