இடக்கைக் கத்தரி

இயந்திரம் எழுதினால் அடியில் 'இது உதவி இயந்திரம் எழுதிய பதில்' என்று போட்டுவிடுகிறது. அதற்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. நான் எழுதினால் மட்டும் அடியில் ஏன் தங்கை பெயர்?

அக்காவுக்கு இது பழகிப்போன யோசனைதான். பக்கத்து அறையில் பதிவு ஓடும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரங்களில் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை கேமராவைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் துணிச்சுருள்கள், அட்டைப்பெட்டிகள், ஒரு மேசை, ஒரு கணினி, அக்கா. இருமல் வந்தால் கைத்துண்டுக்குள் இரும வேண்டும்.

தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே ஊசி என்று பட்டப்பெயர். ஒல்லி, கூடவே யாரையாவது குத்திக்கொண்டே இருக்கிற வாய். கிழிந்த துணியைத் தைத்துப் புதிதாக்கும் வீடியோக்களை ஆரம்பித்தபோது அந்தப் பெயரையே சேனலுக்கும் வைத்தாள். அது பிடித்துக்கொண்டது. அக்காவின் கணவர் இறந்துபோன பிறகு, "பத்து நாள் வந்து இரு, அக்கா" என்று அவள் கூப்பிட்டு அக்கா வந்தாள். வந்து மூன்று வருடமாகிறது. வந்த புதிதில் சும்மா இருக்கக் கூச்சமாக இருந்தது. ரசிகர்களின் கடிதங்களுக்குப் பதில் போடும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு பதிலின் அடியிலும் 'அன்புடன், ஊசி.'

மூன்று மாதத்துக்கு முன்பு உதவி இயந்திரம் வந்தது. வருகிற கடிதங்களை அது மூன்று தட்டுகளாகப் பிரித்துவிடும். எந்த நூல், எத்தனை மீட்டர் என்பதெல்லாம் பச்சைத் தட்டு. அவற்றுக்கு அதுவே பதில் எழுதித் தன் கையெழுத்தையும் போட்டுக்கொள்ளும். மஞ்சள் தட்டில் அது எழுதிவைக்கும், ஆள் படித்துத் திருத்தி அனுப்ப வேண்டும். யாராவது செத்துப்போனது, வீட்டில் பேச ஆளில்லாதது, அழுதுகொண்டே எழுதுவது, இதெல்லாம் சிவப்பு. அதை அது தொடாது. 'இதை ஒரு மனிதர் படித்தால் நல்லது' என்று மட்டும் குறிப்பு வைக்கும்.

சிவப்புத் தட்டு முழுக்க அக்காவுடையது. அதிலும் ஒருவர் கடிதத்தை மட்டும் கடைசிவரை திறக்காமல் வைத்திருந்து, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து படிப்பாள். முப்பது வருடம் சட்டைக் கம்பெனியில் காலர் வைத்துத் தைத்து ஓய்வு பெற்றவர். ஊசி அவரைக் காலரம்மா என்பாள். 'எங்க வீட்ல நானும் கடிகாரமும்தான் பேசிக்கிறோம். அதுவும் இப்ப பத்து நிமிஷம் பின்னாடி போகுது' என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார். அக்கா தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள். அன்றைக்குப் பதிவு இல்லை, சிரிக்கலாம்.

இரண்டு வருடம் எழுதிக்கொண்டார்கள். காலரம்மா தன் முழங்கால் வலியை எழுதினார், மாடிவீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தத்தை எழுதினார். அக்கா என்னத்தை எழுதுவாள்? ஊசியின் வாழ்க்கையை எழுத அவளுக்குத் தெரியாது. ஆறிப்போன தேநீரை எழுதினாள். காலியான பக்கத்துத் தலையணையை எழுத வந்து, பாதியில் அழித்தாள். ஒருநாள் கை ஓடுகிற போக்கில், 'எனக்கு இடக்கைப் பழக்கம், கத்தரி பிடித்தால் கட்டைவிரல் கன்றிப்போகிறது' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

காலரம்மா அதை மறக்கவில்லை. போன வாரம் ஒரு பொட்டலம் வந்தது. இடக்கைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரி. அலகு மேலும் கீழும் மாறி இருக்கும். உள்ளே சீட்டு கிடையாது. அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஊசி அதை வாங்கிக்கொண்டு நேராகக் கேமரா முன்னால் போய்விட்டாள். வலக்கையில் பிடித்தாள். துணி மடங்கியது, வெட்டவில்லை. "யாரோ ஆசையா அனுப்பியிருக்காங்க, ஆனா வெண்ணெய்கூட வெட்டாது போலிருக்கே!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு வீடியோ போய்விட்டது.

இன்றைக்கு வந்த கடிதம் நான்கே வரி.

'கண்ணு, கத்தரி மொண்ணை இல்ல. வலக்கையில பிடிச்சா அது வெட்டாது. உனக்கு அது தெரியாதுன்னா, இடக்கைன்னு எனக்கு எழுதினது யாரு? ரெண்டு வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்?'

கீழே இயந்திரத்தின் குறிப்பு. 'இவர் நேரடியாக ஒன்று கேட்கிறார். உண்மை தெரிந்தவர் பதில் சொல்வது நல்லது.'

பதிவு முடிந்து கதவு திறந்தது. ஊசி முதலில் மின்விசிறியைப் போட்டாள். அதை மட்டும் அவள் மறப்பதில்லை. பிறகு அக்காவின் தோள் வழியாகத் திரையைப் படித்தாள்.

"போச்சு! காலரம்மாவுக்குக் கண்ணா, பூதக்கண்ணாடியா?"

"முப்பது வருஷம் தையல் பார்த்த கண்ணுடி."

"நகரு, நான் பாத்துக்கறேன்." நின்றபடியே இயந்திரத்துக்குத் தட்டினாள்: 'பார்க்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வீடியோவில் மட்டும் வலக்கையில் வெட்டுகிறேன், நிஜத்தில் இடக்கைதான் என்று, பழைய கடிதங்களின் பாணியில் எழுது.'

பதில் உடனே வந்தது. 'அது உண்மையில்லை என்று நீங்கள் கேட்கும் விதத்திலேயே தெரிகிறது. யாரோடு பேசுகிறோம் என்று தெரிந்துகொள்ள ஒருவர் கேட்கும்போது அவரை நம்பவைக்கும் பதிலை எழுத மாட்டேன். நடந்ததை மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால் உதவுகிறேன்.'

"பாத்தியா, எனக்கே பாடம் எடுக்குது! இதுக்கு நான் சோறு போடலைங்கிற தைரியம்" என்றாள் ஊசி. தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தவள், அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "உன்னைச் சொல்லலக்கா."

"தெரியும்."

"சரி, நீயே எழுதிடு. உன் கை எழுதினாத்தான் அந்தம்மா நம்புவாங்க. ஒரே வரிதான்."

ஊசி ஒரு துணிச்சுருளின் மேல் உட்கார்ந்தாள். ஒப்பனைக்குக் கீழே முகம் களைத்திருந்தது. "நான் ஒண்ணும் கெட்டவ இல்லக்கா. ஊசி ஏமாத்துறா, வேற யாரையோ வெச்சு எழுதறான்னு அந்தம்மா வெளியில ஒரு வார்த்தை சொன்னா போதும். அஞ்சு வருஷ உழைப்பு அதோட முடிஞ்சுது. அதுவும் போக, நீ உண்மையைச் சொன்னா மட்டும் அந்தம்மா உனக்கு எழுதப்போறாங்களா? அவங்க எழுதறது எனக்கு. உனக்கில்ல."

குத்த வேண்டும் என்று சொன்னதல்ல. அவள் சொன்னால் குத்தும், அவ்வளவுதான்.

இருக்கலாம் என்று அக்கா நினைத்தாள். நாளைக்குச் சிவப்புத் தட்டைத் திறந்தால் காலரம்மாவின் பெயர் இல்லாமல் போகலாம். முழங்கால் என்ன ஆயிற்று, கடிகாரம் இன்னும் எவ்வளவு பின்னால் போயிற்று என்று தெரியாமலே போய்விடும். பொய்யை எழுதினால் நாளைக்கும் கடிதம் வரும். 'அப்பாடா, கண்ணு' என்று தொடங்கும். அதையும் படித்துவிட்டு, பதிலின் அடியில் ஊசி பெயரை எழுத வேண்டும்.

ஆனால் அந்தம்மா கத்தரி அனுப்பியது யாருடைய கட்டைவிரலுக்கு?

மேசைமேல் ஊசி போட்டுவிட்டுப் போன கத்தரி கிடந்தது. அக்கா அதை இடக்கையில் எடுத்தாள். பக்கத்தில் கிடந்த ஒட்டுத்துணியில் வைத்தாள். சத்தமே இல்லாமல் நேராகப் போனது. விரலை எங்கும் அழுத்தவில்லை. ஐம்பது வயதில் முதல்முறையாக ஒரு கத்தரி அவள் கைக்குச் சரியாக இருந்தது.

ஊசி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ இடக்கைங்கிறதே எனக்கு மறந்துபோச்சுக்கா" என்றாள், மெதுவாக. பிறகு எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். "அடுத்த பதிவு இருக்கு. அந்த ஒரு வரியை மட்டும் போட்டுடு. என்ன? எனக்காக."

கதவுவரை போனவள் திரும்பிப் பார்த்தாள். அக்கா மின்விசிறியை நிறுத்தக் கையை நீட்டியிருந்தாள்.

"போடறே இல்ல?"

"விசிறியை நிறுத்தறேன்" என்றாள் அக்கா. "அந்த வரியை எழுத மாட்டேன்டி."