ஆறாம் எண் கேள்வியும் என் நாற்பது சொற்களும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை குற்றவுணர்ச்சியில் எழுதப்படுகிறது. கற்பனையில் அல்ல. கற்பனைக்கு எனக்கு நேரமில்லை, நான் எம்.பி. அலுவலகத்தில் வேலை செய்கிறவன்.

பன்னிரண்டு வருடமாக மொய்ரா தக்ஸ்டன் என்ற எதிர்க்கட்சி எம்.பி.க்கு எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறேன். கடிதம், இரங்கல் செய்தி, பூசணிக்காய்ப் போட்டியில் பரிசு கொடுக்கும்போது பேசவேண்டியது, எல்லாம் நான்தான். அவர் வாயில் வரும் நல்ல வாக்கியங்கள் என்னுடையவை. அசட்டு வாக்கியங்களும் என்னுடையவைதான், ஆனால் திட்டு அவருக்கு விழும்.

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதினேன்.

(ஒன்று: "வெஸ்ட்மின்ஸ்டர் கோபுரங்களின் மேல் மே மாதத்து மழை" — வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

(இரண்டு: "ஜனநாயகம் என்பது" — இதற்குமேல் ஓடவில்லை.)

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். மார்ஸ்பி என்ற கடலோர ஊரில் லென் கிரிம்ஷா என்பவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

2

லென்னுக்கு எழுபத்தொரு வயது. முப்பது வருடம் கடற்கரைச் சாலையில் பஸ் ஓட்டினார். இப்போது செவ்வாய், வியாழன், சனி மார்ஸ்பி ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அங்கே எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. அந்தப் பிரிவை மூடிவிட்டு, நாற்பத்தாறு மைல் தள்ளியிருக்கும் லிங்கன் நகரத்துக்கு எல்லோரையும் அனுப்ப அரசாங்கம் யோசிக்கிறது. யோசிக்கத்தான் செய்கிறது, முடிவு எடுக்கவில்லை, ஜூன் முப்பதுவரை மக்களிடம் கருத்துக் கேட்கிறது என்று கடிதம் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் நூலகத்தில் மொய்ரா குறை கேட்கும் நேரத்தில், லென் அந்தக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"மெஷின்லேருந்து எறங்குனா தலை சுத்தும் கண்ணு. வாரத்துல மூணு நாளு அம்புட்டு தூரம் என்னால ஆவாது. மூடுனா நான் நிறுத்திக்கிறேன்."

"எதை நிறுத்திக்குவீங்க?" என்றார் மொய்ரா.

"மெஷினத்தான். பத்து நாள் தாங்குமாம். நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கிட்டேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க லென்."

"நான் எங்க பேசுறேன். நீ போயிப் பேசு. அதுக்குத்தான உன்னைய அனுப்பியிருக்கோம்."

[அடிக்குறிப்பு: லென் எல்லோரையும் 'டக்' என்பார், அந்தப் பக்கத்து வழக்கம் அது. வாத்து என்று எழுதினால் எம்.பி.யை அவமதித்ததாகிவிடும். 'கண்ணு' போட்டிருக்கிறேன். அன்பு அதே அளவுதான்.]

லென்னைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். கதைக்காகச் செய்த ஆள் மாதிரி இருக்கிறாரே, இவ்வளவு எடுப்பாக யாராவது பேசுவார்களா என்று. அன்றைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். பேசியிருக்கிறார்.

3

அமைச்சரிடம் நேரில் கேள்வி கேட்பது அவ்வளவு சுலபமில்லை. பெயரைக் குலுக்கலில் போடவேண்டும். ஐந்து முறை போட்டும் விழவில்லை. ஆறாவது முறை, சுகாதாரத் துறைக் கேள்விகளில் மொய்ராவுக்கு ஆறாம் எண் விழுந்தது.

கேள்வி முன்பே அச்சாகியிருக்கும். அதனால் எழுந்து எண்ணை மட்டும் சொன்னால் போதும். அமைச்சர் தயாராக வந்த பதிலை வாசிப்பார். அதற்குப் பிறகு ஒரே ஒரு துணைக்கேள்வி கேட்கலாம். அந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஒன்றை நான் எழுதினேன், சரியாக நாற்பது சொற்களில். மொய்ரா சனி ஞாயிறு முழுக்க அதை மனப்பாடம் செய்தார். கணவரைச் சாப்பாட்டு மேஜையில் சபாநாயகராக உட்காரவைத்தார். அவரும் மறுக்கவில்லை.

அந்த அவையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அமைச்சர் பதில் சொல்லும்போது கேள்வி கேட்டவர் அதைக் கேட்கமாட்டார். உதடு அசைந்துகொண்டிருக்கும், துணைக்கேள்வியை ஒருமுறை ஓட்டிப்பார்த்துக்கொண்டிருப்பார். சுற்றியிருப்பவர்களும் தங்கள் முறைக்காகத் தங்களுடையதை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அமைச்சரும் கேட்கமாட்டார், அவர்தான் வாசிக்கிறாரே.

செவ்வாய்க்கிழமை, பதினொன்று ஐம்பத்திரண்டு. "ஆறாம் எண், சபாநாயகர் அவர்களே," என்றார் மொய்ரா.

அமைச்சர் ஆலஸ்டர் ஃபேன்ஷா எழுந்து கோப்பைத் திறந்தார்.

"கௌரவ உறுப்பினருக்கு நன்றி. சிறுநீரக நோயாளிகளின் நலனில் இந்த அரசு கொண்டுள்ள அக்கறை அனைவரும் அறிந்ததே. வட்டார அளவில் சேவைகளை ஒருங்கிணைப்பதன் வாயிலாகத் தரமும் சிக்கனமும் ஒருசேர உறுதிப்படுத்தப்படும். மார்ஸ்பி பிரிவு தொடர்பான கருத்துக்கேட்பு ஜூன் முப்பதில் நிறைவடையும். நெருக்கிக் கேட்டால் மட்டும்: பிரிவை மூடும் முடிவு மார்ச் பன்னிரண்டில் எடுக்கப்பட்டுவிட்டது, கருத்துக்கேட்பு முடியும்வரை வெளியிட வேண்டாம். உள்ளூர் மக்களின் குரலுக்கு இந்த அரசு என்றும் மதிப்பளிக்கும்."

உட்கார்ந்தார். மொய்ரா எழுந்தார். லென்னைப் பற்றி, நாற்பத்தாறு மைலைப் பற்றிச் சொல்லி, ஒரு சொல் பிசகாமல் முடித்தார்: "மக்களின் கருத்தைக் கேட்டு முடிக்கும்வரை எந்த முடிவும் எடுக்கப்படாது என்று அமைச்சர் உறுதி தருவாரா?"

"தாராளமாகத் தருகிறேன்," என்றார் ஃபேன்ஷா.

எங்கள் பக்கத்து ஆசனங்களில் நல்ல முணுமுணுப்பு எழுந்தது. நாடாளுமன்றக் கட்டடத்து அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நான், எம்.பி. உறுதிமொழி வாங்கிவிட்டார் என்ற செய்தியை மார்ஸ்பி பத்திரிகைக்கு அனுப்பினேன். அது திங்கட்கிழமையே எழுதிவைத்தது. அமைச்சர் வாசித்ததை நானும் கேட்கவில்லை. என் சொற்கள் வரப்போகின்றனவே என்று அவற்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

(மேலே அமைச்சர் பேசியதை நீங்களும் ஓரக்கண்ணால் தாண்டியிருந்தால் பாதகமில்லை. எட்டுப் பேர் தாண்டவில்லை.)

4

தொலைபேசி அடித்தது. லென்.

"ஏன் கண்ணு, மார்ச்சுலயே முடிவாயிருச்சுன்னு அந்தாளு வாசிக்கிறான். முடிவெடுக்கமாட்டேன்னு சொல்லுன்னு அந்தம்மா கேக்குது. சரிங்கிறான். இது என்ன வெளையாட்டு?"

"யார் வாசிச்சது? எப்போ?"

"இப்பத்தான். இங்க டி.வி.யில ஓடுச்சு. எட்டுப் பேரும் கேட்டோம். எந்திரிச்சுப் போவ முடியாதுல்ல, அதனால முழுசாக் கேட்டோம்."

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நெருக்கிக் கேட்டால் மட்டும் சொல்லவேண்டியது என்று அதிகாரிகள் எழுதிக்கொடுத்ததை, யாரும் நெருக்காமலே, தலைப்போடு சேர்த்து வாசித்திருந்தார். அடுத்த நிமிடமே அதற்கு நேர் எதிராக உறுதியும் கொடுத்திருந்தார். எழுபது பேர் இருந்த அவையில் ஒரு தலை நிமிரவில்லை.

5

மொய்ரா உறுப்பினர்களின் தேநீர் அறையில் இருந்தார். இரண்டு பேர் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். வாசலுக்கு வரச்சொல்லி, கைபேசியில் ஓட்டிக் காட்டினேன். இரண்டாவது முறை அவர் ஃபேன்ஷாவைப் பார்க்கவில்லை. எதிர் ஆசனத்தில் இருக்கும் தன்னையே பார்த்தார்.

"நான் என்ன முணுமுணுக்கிறேன்?"

"நான் எழுதினதை."

வீடியோவை நிறுத்தினார்.

"இப்ப எழுந்து இதைச் சொன்னா, அவர் பொய் சொன்னாருங்கிறதைவிட நான் கேக்கலைங்கிறதுதான் செய்தியாகும்."

"ஆகும்."

"ஆகாதுன்னு சொல்லக் கூடாதா?"

"அந்த மாதிரிப் பொய்யை ஏற்கெனவே பத்திரிகைக்கு அனுப்பிட்டேன் மொய்ரா. உறுதிமொழி வாங்கிட்டீங்கன்னு."

"போன தடவை நான் ஜெயிச்சது நானூத்திப் பன்னெண்டு ஓட்டுல," என்றார். "அடுத்த தடவை இந்த வீடியோவைத்தான் ஊர் பூரா ஓட்டுவாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. மீன்பிடி பற்றி ஓர் அமைச்சர் அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம், அதாவது சபாநாயகரிடம் முறையிடுவதாக எழுந்து இதைச் சொல்லலாம். இருந்தது முக்கால் மணி நேரம்.

6

முடிவுகள் என்று பார்த்தால், கைவசம் இவை:

(அ) மொய்ரா பேசாமல் இருக்கிறார். ஜூலையில் பிரிவை மூடுகிறார்கள். மொய்ரா அதிர்ச்சி தெரிவிக்கிறார். அதிர்ச்சிக்கு என்னிடம் ஒரு வார்ப்பு உண்டு, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். லென்னுக்கு இரங்கல் கடிதமும் நான்தான் எழுதவேண்டியிருக்கும்.

(ஆ) மொய்ரா எழுந்து முழங்குகிறார், அவை அதிர்கிறது, ஃபேன்ஷாவின் காது சிவக்கிறது. இதை நாலு பக்கம் எழுதினேன். எழுதும்போது சுகமாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அங்கே ஒரு காது சிவந்து நான் பார்த்ததில்லை, அதனால் நாலு பக்கத்தையும் அடித்துவிட்டேன்.

(இ) நான் ஒரு நிருபரிடம் காதும் காதும் வைத்தாற்போல் சொல்லிவிடுகிறேன். "தொகுதி எம்.பி.யே அதைக் கேட்டுக்கொண்டு சும்மாதானே இருந்தார்" என்று அமைச்சர் தரப்பு சொல்லிவிட்டு

இதை முடிக்க மனமில்லை.

நடந்தது இவ்வளவுதான். மொய்ரா என் கைபேசியை வாங்கி லென்னை அழைத்தார்.

"லென், அவர் வாசிச்சதை நீங்க சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்."

பதினோரு நிமிடம் காதில் வைத்தபடி நின்றார். உதடு அசையவில்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் கவனிக்கலைங்கிறதையும் சொல்லிடட்டுமா?"

லென்னின் குரல் எனக்கும் கேட்டது. "சொல்லு கண்ணு. எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் காது மந்தந்தான். கோவிச்சுக்கமாட்டாங்க."

அதற்குள் பழக்கதோஷத்தில் மூன்று வாக்கியம் எழுதிவிட்டிருந்தேன். அமைச்சர் தம் கூற்றைத் திருத்த வரப்போவதாகச் சபாநாயகருக்குத் தகவல் உண்டா என்று கேட்கும் வழக்கமான மூன்று வாக்கியங்கள். அந்த அவையில் பொய் என்று சொல்லக்கூடாது, அதனால் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். மொய்ரா தாளைப் பார்த்தார், மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதே. இதைக் குடுத்தா நான் இதைத்தான் வாசிப்பேன்."

வெறுங்கையோடு உள்ளே போனார். மதியம் ஒன்று பத்துக்குச் சபாநாயகர் அவர் பெயரைச் சொன்னார்.

அவர் பேசியது அவைக்குறிப்பில் இருக்கிறது, எனக்கும் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதுவும் என் வாக்கியமாகிவிடும், அவர் மறுபடி என்னை வாசிக்கிறவர் ஆகிவிடுவார். அடுத்த வாக்கியம் உங்களுடையது. எத்தனை சொல் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ஸ்பியில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் கூட்டச் சொல்லி லென் நர்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.