ஐந்து மணிப் பாஸ்

"அண்ணை, மணி என்ன?"

கோல் கம்பத்துக்குப் பின்னால் குந்தியிருந்த மனிதர் இந்த முறை எரிச்சலோடுதான் கையைத் திருப்பிப் பார்த்தார். "நாலு இருபது. பந்தைப் பாரும் தம்பி."

கிருபன் பந்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். மனம்தான் மூன்று மைலுக்கு அப்பால், முகாம் வாசலில் நின்றது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஆவணி மாதம். வவுனியாவில் இருந்த அகதி முகாமிலிருந்து வெளியே போவதென்றால் பாஸ் வேண்டும். பாஸ் எடுப்பதென்றால் குடும்பத்தில் ஒருவர் பிணைக்கு உள்ளே நிற்க வேண்டும். போனவர் மாலை ஐந்து மணிக்குள் திரும்பாவிட்டால், நின்றவருக்கு இரண்டு வாரத்துக்குப் பாஸ் கிடையாது. கிருபனுக்கு அன்று பிணை நின்றவள் தங்கை ராஜினி. முரசுமோட்டையில் இருந்து இடம்பெயர்ந்த குடும்பத்தில் முகாமுக்கு வந்துசேர்ந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். தாயும் தகப்பனும் வழியில் ஸ்கந்தபுரத்திலேயே நின்றுவிட்டார்கள்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ராஜினிக்குத் தாதிப் பயிற்சிக்கு நேர்முகம். வருடத்தில் ஒரே ஒரு நாள். அதற்காக ஒரேயொரு சேலையை மூன்று தரம் தோய்த்து, மூன்று தரம் மடித்து வைத்திருந்தாள்.

இரண்டரைக்கு ஆட்டம், நாலேகாலுக்குள் முடியும், சைக்கிளில் பதினைந்து நிமிடம் என்று கணக்குப் பார்த்துத்தான் கிருபன் வந்தான். பிரதம விருந்தினரை மட்டும் கணக்கில் எடுக்க மறந்துபோனான். பிரதம விருந்தினர் என்றால் நேரத்துக்கு வரக்கூடாது என்று எங்கேயோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் வந்து, மாலை வாங்கி, இரண்டு அணிக்கும் கை கொடுத்து முடிய மூன்று மணி.

வராமலே இருந்திருக்கலாம்தான். ஆனால் பந்தலில் செல்வநாயகம் இருந்தார். கொழும்புக் கம்பனி ஒன்றின் உதைபந்தாட்ட மனேஜர், கோல் காக்க ஆள் தேடி வந்தவர். அந்தக் கம்பனி பந்து பிடிப்பதற்கே சம்பளம் கொடுக்கும், தங்க இடம் கொடுக்கும், கொழும்புப் பாஸையும் தானே எடுத்துக் கொடுக்கும். நிவாரண உடுப்புப் பொதியில் அகப்பட்ட, ஸ்பானிய எழுத்துப் போட்ட மஞ்சள் நீளக்கைச் சட்டையோடு விளையாடுகிற கிருபனை முகாமில் எல்லோரும் "ஸ்பெயின்" என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். ஆனாலும் இரண்டு வருடமாக அவன் காத்த கோலைப் பார்த்தவர்கள் பிறகு கேலி செய்வதை விட்டுவிட்டார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிடம். எதிரணி அடித்த பந்து கிருபனின் அணித் தலைவர் தவராசாவின் கையில் பட்டது. தவராசாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று பிறந்த நாள் முதல் தெரியாது. மத்தியஸ்தர் விசில் ஊதினார். பெனால்டி.

"மணி?"

"நாலு முப்பத்தெட்டு."

பிடித்தால் ஆட்டம் சமன். மேலதிக நேரம் அரை மணி. ராஜினியின் கதை முடிந்தது. விட்டால் இத்தோடு சரி, ஐந்துக்கு வாசலில் நிற்கலாம். செல்வநாயகம் வேறு ஆளைத் தேடுவார், தேடட்டும்.

அடிக்க வந்தவன் முபாறக். முகாமுக்குள் துணி விற்க வருகிறவன், கிருபனின் கூட்டாளி. மாலையில் முகாம் வெட்டைவெளியில் அவன் அடிக்க இவன் பிடிக்க என்று நூறு பெனால்டியாவது ஆகியிருக்கும். முபாறக் எப்போதும் கிருபனின் வலப்பக்கம்தான் அடிப்பான். அதனால் கிருபன் இடப்பக்கம் பாய்வதென்று முடிவெடுத்தான். பார்க்கிறவர்களுக்கும் சந்தேகம் வராது. வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டுமென்றே ஒரு கோலை விடப்போகிறான்.

முபாறக் ஓடிவந்தான். கிருபன் இடப்பக்கம் பாய்ந்தான்.

தன்னுடைய பழக்கம் கிருபனுக்குத் தெரியும் என்று முபாறக்குக்கும் தெரியுமே! அவன் அன்று பார்த்து இடப்பக்கம் அடித்தான். பந்து நேரே வந்து கிருபனின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

மைதானம் எழும்பி நின்று கத்தியது. பந்தலில் செல்வநாயகமும் எழும்பிக் கை தட்டினார். தவராசா ஓடிவந்து கட்டிப்பிடித்தார். மத்தியஸ்தர் நீட்டி ஊதினார்.

கிருபன் கையுறையைக் கழற்றித் தவராசாவின் கையில் வைத்தான். "அண்ணை, நான் போறன். ஆரையாவது கோலுக்கு விடுங்கோ."

"உனக்கென்ன விசரே? மனேஜர் பாத்துக்கொண்டு நிக்கிறார்!"

"தங்கச்சிக்கு நாளைக்கு நேர்முகம்."

அதற்குமேல் நின்று கதைக்க நேரமில்லை. மைதானத்தின் குறுக்கே ஓடினான். கத்திய சனம் இப்போது கூ அடித்தது. பந்தல் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

வாசலில் சைக்கிளைப் போட்டபோது காவலுக்கு நின்ற ஆமிக்காரன் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலு ஐம்பத்தெட்டு. பாஸை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினான். உள்ளே நின்ற ராஜினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"வெண்டாச்சே அண்ணா?"

"தெரியாது."

முழுவதையும் சொன்னான். அவளுக்கு வந்ததே கோபம்! "ஆர் உன்னைப் போகச் சொன்னது? போனால் ஏன் இடையில வந்தனீ?" என்று அழுதாள்.

காலையில் கிருபன் பிணைப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க, ராஜினி எட்டு மணிக்கு வெளியே போனாள். ஒன்பது மணிக்கு வேலிக்கு அப்பால் முபாறக் வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"மச்சான், உங்கட ஆக்கள் மூண்டுக்கு ஒண்டு தோத்துப்போச்சினம். அதை விடு. மனேஜரிட்ட உன்ர கதை எல்லாம் சொன்னனான். அந்தாள் உன்னைக் கேக்கிறார். பத்து மணி பஸ்ஸில போறார், அதுக்கு முதல் வந்து கையெழுத்து வைக்கட்டாம். ஏறு சைக்கிளில!"

கிருபனின் கால் தன்பாட்டில் வாசலுக்கு நடந்தது. ஆமிக்காரன் புத்தகத்தைப் புரட்டி, ராஜினியின் பெயரையும் பக்கத்தில் இருந்த கையெழுத்தையும் விரலால் காட்டினான். "தங்கச்சி வந்த பிறகு" என்றான், கொச்சைத் தமிழில்.

"அவனுக்குப் பதிலா நான் உள்ளுக்க நிக்கிறன்" என்றான் முபாறக். ஆமிக்காரன் சிரித்தான். குடும்ப ஆள்தான் நிற்கலாம்.

"பஸ்ஸை மறிச்சு வைக்கிறன்" என்று முபாறக் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். கொழும்பு பஸ்ஸை யார் மறிப்பது?

கிருபன் முள்ளுக்கம்பியைப் பிடித்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்பதரை. ஒன்பதே முக்கால். ராஜினி கெதியாக வரவேண்டும் என்று நினைத்தான். உடனே, கெதியாக வந்தால் அவளை ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம் என்று நினைத்துத் தன்னையே திட்டினான். பத்து மணி ஆனது. பத்தரையும் ஆனது.

பதினொன்றரைக்கு ராஜினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவால் ஓடிவந்தாள்.

"அண்ணா, எடுத்திட்டினம்! என்னை எடுத்திட்டினம்!"

அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவன் பத்து மணி பஸ்ஸை மறந்துவிட்டான் என்று சொன்னால் அது பச்சைப் பொய். மறக்கவில்லை. நெஞ்சு எரிந்தது. ஆனாலும் வாய் நிறையச் சிரித்தான்.

"ஏன் அண்ணா வாசலிலேயே நிக்கிறாய்?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்" என்றான்.