சரவணகுமார் பூசிய சிவப்பு

பரீட்சை முடிவு வெளியிடும் இணையப் பக்கத்தை யாராவது நேசிப்பார்களா? சரவணகுமார் நேசித்தான். தேரடி வீதியில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு பிரௌசிங் சென்டர் நடத்துகிறவனுக்கு, பிளஸ் டூ ரிசல்ட் வரும் அந்த ஒரு நாள்தான் தீபத் திருநாள். ஆனால் அந்தப் பக்கத்தின் லட்சணம் இருக்கிறதே! சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவில் பரீட்சை எண்ணைப் போட ஒரு கட்டம், அவ்வளவுதான். பார்க்கிற பிள்ளைக்கு அதைக் கண்டதுமே பாதி நம்பிக்கை போய்விடும்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அவன் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மத்தியானம் கடை ஈயாடும் நேரத்தில் அந்த முகப்பைச் சேமித்து, அக்கக்காகப் பிரித்து, வண்ணம் பூசினான். மஞ்சள் பின்னணி, மேலே மலையின் படம், இரண்டு பக்கமும் மினுக்கும் நட்சத்திரங்கள், ‘வெற்றி உமதே’ என்று ஓடும் எழுத்து. அதோடு விட்டானா? ரிசல்ட்டுக்கும் மாதிரிப் பக்கம் ஒன்று செய்தான். பாஸ் என்றால் பச்சை, ஃபெயில் என்றால் சிவப்பு. சிவப்பு எப்படி வருகிறது என்று பார்ப்பதற்காக, பேரில்லாத யாரோ ஒருவரை நாலு பாடத்தில் ஃபெயிலாக்கினான். எடுப்பாகத்தான் இருந்தது. எந்த எண்ணைப் போட்டாலும் நிஜத் தளத்துக்குப் போகாமல் இந்த மாதிரியே வரும்படி ஆறு கம்ப்யூட்டரிலும் வைத்துச் சோதித்தான். முடிந்ததும் ஐந்தில் மட்டும் நிஜத் தளத்துக்கே போகும்படி திருப்பி மாற்றினான். நாலாம் நம்பரில் மறந்துவிட்டான்.

ரிசல்ட் அன்று காலை பத்தரை மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. தளம் திக்கித் திணறித் திறந்துகொண்டிருந்தது. ஒருவன் கத்திக் குதித்தான், ஒருத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த இரைச்சலுக்கு நடுவே, ஆரஞ்சு சுடிதார் போட்ட ஒரு பெண் நாலாம் நம்பரிலிருந்து எழுந்து, சத்தமே இல்லாமல் கும்பலில் நுழைந்து வெளியேறுவதை அவன் பார்த்தான். மேஜையில் அவளுடைய ஹால் டிக்கெட் கிடந்தது. திரையில் சிவப்பு எழுத்து பளபளத்தது. நாலு பாடம்.

அது தான் செய்த மாதிரிப் பக்கம் என்று சரவணகுமாருக்கு உடனே விளங்கிவிட்டது. ரிசல்ட்டுக்கு மறுநாள் பேப்பரில் வருஷா வருஷம் வருகிற செய்தி அவனுக்குத் தெரியாதா என்ன? படத்துடன் போடுவார்கள். அந்தப் படம் இந்தப் பெண்ணுடையதாக இருந்தால்?

ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தான். தென்றல், கீழ்பென்னாத்தூர். நிஜ முடிவைப் பார்த்துவிட்டு ஓடலாமென்றால் தளம் திறக்கவே பத்து நிமிஷமாகும். நாலாம் நம்பரின் ஒயரைப் பிடுங்கிப் போட்டான். பக்கத்து ஜெராக்ஸ் கடை முருகையனைப் பார்த்து, “கடைய கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே!” என்று கத்திவிட்டு மொபெட்டைக் கிளப்பினான்.

பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் திண்டிவனம் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஏறி முன்னும் பின்னும் தேடினான். இல்லை. “ஆரஞ்சு சுடிதார் போட்ட பொண்ணு ஏறுச்சா சார்?” என்று கேட்டதற்குக் கண்டக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அண்ணாமலையாரே, உனக்கு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொரு பஸ்ஸாக ஓடினான். அவள் பெங்களூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கம்மா போற?”

“தெரியலண்ணா.”

அந்தக் குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“நீ பாத்தது தப்பும்மா! அது நான் செஞ்ச பக்கம். யார் நம்பர் போட்டாலும் அப்படித்தான் வரும். நீ பாஸு!” என்று சொல்லிவிட்டான்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவளுடைய முடிவை அவன் எங்கே பார்த்தான்? அவள் இறங்கி வந்தாள். மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, “நெஜமாவாண்ணா?” என்று இரண்டு தரம் கேட்டாள். அவன் மொபெட்டை முறுக்கினான். போகும்போதாவது தேடுவதற்கு ஒரு ஆள் இருந்தாள். திரும்பும்போது அவளையே பொய்யோடு சுமந்து வருகிறோமே என்று பயந்தான். மறுபடி ஒரு முறை அவள் எழுந்து போனால் எந்த பஸ்ஸில் தேடுவது?

கடையில் இரண்டாம் நம்பரிலிருந்த பையனை எழுப்பிவிட்டு, அலங்காரம் எதுவும் இல்லாத நிஜப் பக்கத்தைத் திறந்தான். ஹால் டிக்கெட்டைப் பார்த்து எண்ணை அடித்தான். கறுப்பு எழுத்தில் ஒவ்வொரு வரியாக வந்தது. தமிழ் பாஸ், இங்கிலீஷ் பாஸ், இயற்பியல் பாஸ், வேதியியல் பாஸ். கணக்கு ஃபெயில். உயிரியல் பாஸ்.

அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

“கணக்கு மட்டுமாண்ணா?” என்றாள் தென்றல். மூச்சை இழுத்து விட்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது. “கணக்கு போவும்னு எனக்கே தெரியும். வூட்ல கூட சொல்லிட்டேன். திருப்பி எழுதிக்கலாம்னு அப்பாவே சொன்னாரு. நாலு போச்சுன்னதும்தான்...”

சரவணகுமார் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும் என்று நினைத்தான். இன்றைக்கே இந்தக் கண்றாவி நட்சத்திரங்களையெல்லாம் அழித்துவிட வேண்டும்.

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தென்றலின் கை அப்படியே நின்றது.

“அண்ணா, அந்த கம்ப்யூட்டர்ல யார் பாத்தாலும் அதேதான் வருமா?”

“ஆமாம்மா.”

“எனக்கு முன்னாடி தேவிப்ரியா பாத்தா. என்கூட டியூஷன் படிக்கிறவ, ஊரு அடி அண்ணாமலை. எல்லாத்துலயும் அவதான் ஃபர்ஸ்ட் வருவா. இன்னா ஆச்சுடீன்னு கேட்டேன், பேசாம போயிட்டா.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்றே கால். தேவிப்ரியா போய் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். உட்கார்ந்தபடியே மொபெட் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான்.

“அவ வூடு எனக்குத் தெரியும். எழுந்திருங்கண்ணா!” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் தென்றல்.