ரயில் இல்லாத ஊரின் இங்கிலீஷ் பாடம்

நாட்டில் சண்டை ஓய்ந்த மறு வருடம், கல்முனையில் ஸம்றா டீச்சர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் புதிய மொழிக்கூடம் கிடைத்தது. ஏசி அறை, வரிசையாகக் கம்பியூட்டர், பிள்ளைக்கொரு ஹெட்போன். பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல வசதிதான், யார் இல்லை என்றது? ஆனால் டீச்சருக்கு என்னவோ அந்த அமைதி ஒத்துவரவே இல்லை. இங்கிலீஷ் பாடம் என்றால் நாலு வீட்டுக்காவது கேட்க வேண்டும் என்று அவள் மனம் எப்போதோ பழகிப்போயிருந்தது.

பழக்கியது சுனாமியாய்க் கடல் வந்துபோன அடுத்த வருடம். அந்த வருடத்தை நினைத்தால் சிரிப்பும் வரும், சிரித்து முடிப்பதற்குள் கண்ணும் கலங்கும்.

அப்போது பள்ளிக்கூடமே இல்லை. கடல் சுவரோடு வாரிக்கொண்டு போய்விட்டது. சின்ன வகுப்புகள் தகரக் கொட்டிலில் நடந்தன. ஏ.எல். என்ற உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளிவாசலை ஒட்டியிருந்த குர்ஆன் மத்ரஸா மண்டபத்தைத் தந்திருந்தார்கள். பாயை விரித்துக் கீழே இருந்துதான் படிப்பு. இடைவேளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்டீ வரும். ஒரே கோப்பையில் இரண்டு மூன்று பேர் குடிப்பார்கள். அந்த ருசி பிறகு எந்தத் தேநீரிலும் அவளுக்குக் கிடைத்ததில்லை.

அந்த நாட்களில்தான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஒரு லப்டொப், சுவரில் படம் காட்டும் புரொஜெக்டர், ஒரு கட்டு சீடி எல்லாம் கொண்டுவந்து தந்தது. ஏ.எல். பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் படிப்பிக்க வேண்டும். இந்த மாதத்துக்குள் வகுப்புத் தொடங்காவிட்டால் சாமான்களை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஸம்றா பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். புத்தகத்தையும் கடல் கொண்டுபோய், பெற்ற தாயையும் கடல் கொண்டுபோன பிள்ளைகள். இதையும் இன்னொருவன் தூக்கிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளைகளுக்கு என்னதான் மிச்சம்?

ஆனால் லப்டொப்பைப் போட்டால், அதன் சத்தம் நுளம்பு முனகுகிற மாதிரி இருந்தது. கடற்காற்று அதையும் விழுங்கியது. பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற ஸ்பீக்கர் மெஷின் இருந்தது. பெற்றரியிலும் ஓடும். அதைக் கேட்கப் போனாள்.

பள்ளிவாசலுக்குப் பொறுப்பாக இருந்தவர் அப்துல் ஸமட் மரைக்கார். கடலில் மனைவி ஸுலைஹாவைப் பறிகொடுத்த பிறகு அவர் முகம் கொடுத்து யாரோடும் கதைப்பதில்லை.

"பாங்கு செல்ற மெஷின்ல இங்கிலீசா? ஒங்களுக்கென்ன விசரா டீச்சர்?"

"உள்ளுக்கு மட்டும்தான் மரைக்கார். சின்னப் பெட்டியில போட்டா மண்டபத்துக்க மட்டும்தான் கேக்கும்."

"வெளியால கேக்காதே?"

"அல்லாஹ்வுக்காக, கேக்காது."

அவர் கையை அசைத்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு டீச்சர் ஓட்டமாய் வந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை வகுப்பு. பாங்கு சொல்கிற கலந்தர் காக்கா வந்து வயர்களை மாட்டிக் கொடுத்தார். மனிதர் எத்தனையோ வருடமாக அந்த மெஷினோடு பழகியவர். கை அதன் பாட்டில் வேலை செய்தது. உள் பெட்டிக்கான சுவிட்சைப் போட்டது. பக்கத்திலேயே மினாராவில் ஊருக்கே கேட்கிற ஹோனுக்கான சுவிட்சையும் போட்டது. பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோய் "பூ... பூ..." என்று ஊதிப் பார்த்தார்.

தொழுகை நேரமில்லாத நேரத்தில் அப்படி ஊதினால் அந்த வருடத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான். சாவுச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவிப்பு. மாதக்கணக்காக ஊர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் வெட்டியவன் கத்தியை நிறுத்தினான். அடுப்படியில் நின்றவள் வாசலுக்கு வந்தாள்.

இது எதுவும் தெரியாத ஸம்றா பிஸ்மி சொல்லி சீடியைத் தட்டினாள்.

"எக்ஸ்கியூஸ் மீ! வெயர் இஸ் த ஸ்டேஷன்?" என்று ஒரு வெள்ளைக்காரி கேட்டாள். பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காக இன்னும் அழுத்தி, இன்னும் சத்தமாகத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்குப் பின்னால் ரயில் வந்தது. மண்டபத்துக்குள் இருந்தவர்களுக்குச் சுவரில் ரயில் தெரிந்தது. வெளியே ஊருக்குத் தெரியவில்லை. ரயிலே ஓடாத ஊர் அது. அந்தச் சனத்துக்கு அப்படி ஓர் இரைச்சலை முன்னே ஒரேயொரு நாள்தான் கேட்டுப் பழக்கம்.

"வெள்ளக்காரி கத்துறா! கடல் வருகுதாம்! ஓடுங்க!"

யார் முதலில் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஊர் கிளம்பிவிட்டது. பிள்ளையை இடுப்பில் போட்டவளும், குமரான மகளைக் கையில் பிடித்தவனும், பாதிச் சவரத்தோடு சலூனிலிருந்து வந்தவனும் மேற்கே வயலைப் பார்த்து ஓடினார்கள். இவர்கள் ஓடுவதைக் கண்டு பக்கத்து ஊரான பாண்டிருப்புச் சனமும் ஓடியது. ஜன்னலால் இதைப் பார்த்த பிள்ளைகள் எழும்பி ஓடினார்கள். கலந்தர் காக்கா ஓடினார். வேடிக்கையைக் கேளுங்கள், சீடியைப் போட்ட டீச்சரும் ஓடினாள்! என்ன ஏது என்று யோசிக்கக் கால் விட்டால்தானே.

வயலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள். கடல் வரவில்லை. ஆளில்லாத ஊருக்கு மேலால் அந்தக் குரல் மட்டும் தெளிவாக வந்தது. வெயர் இஸ் த ஸ்டேஷன்?

ஸம்றாவுக்கு உயிரே போய்விட்டது. "யா அல்லாஹ், இது என்ட பாடம்" என்று முணுமுணுத்தாள்.

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் கூட்டம். ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது, ஒருத்தியின் சோறு அடியோடு கருகிவிட்டது, ஒரு சின்னப்பிள்ளைக்குக் காய்ச்சல் பிடித்துவிட்டது. ஆளுக்காள் கத்தினார்கள். நிறுவனம் தந்த சாமான்களைக் கட்டி வந்த இடத்துக்கே அனுப்ப வேண்டும் என்றார்கள். ஸம்றா மண்டபத்து வாசலில் தலைகுனிந்து நின்றாள். பிழை தன்னுடையது இல்லை என்று சொன்னால் கலந்தர் காக்கா மாட்டுவார். அந்த ஏழை மனிதரைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

கூட்டத்தின் நடுவிலிருந்த மரைக்கார் நிமிர்ந்து பார்த்தார்.

"டீச்சர், அந்தப் பொம்புள என்ன செல்லிக் கத்தினா?"

"கத்தல்ல மரைக்கார். கேட்டா."

"என்ன கேட்டா?"

"ரயில் டேசன் எங்க இரிக்கி எண்டு."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. கால் பிசகியவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடியே, டேசன் கேட்டவளுக்குப் பயந்தா நாம ஓடின!" என்று வேலிக்கு அப்பால் ஒருத்தி கத்தினாள். கடல் வந்த பிறகு அந்த முற்றத்தில் விழுந்த முதல் சிரிப்பு அதுதான்.

மரைக்கார் சிரிக்கவில்லை.

"கடல் வந்த நாயித்துக்கிழமை காலையில எங்கட ஊட்ட டீவி போட்டுத்தான் கெடந்த," என்றார். சிரிப்பு அடங்கியது. "வெளிநாட்டுச் சனல். கடல்ர படம் ஒண்டு, நடுவுல செவப்பு வட்டம். ஒருத்தன் கையக் காட்டிக் காட்டிக் கதைச்சான். 'இஞ்ச, என்னவாம் செல்றான்?' எண்டு ஸுலைஹா கேட்டா. ஆருக்குத் தெரியும் எண்டு செல்லிப்போட்டு நான் சந்தைக்கிப் பெய்த்தன்."

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"அவன் கதைச்சிக்கிட்டுத்தான் இருந்தான் டீச்சர். எங்களுக்குத்தான் வெளங்கல்ல."

ஸம்றா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கு மேல் சாமான்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மரைக்கார்தான் போகும்போது சொன்னார்:

"வாற சனிக்கிழமையும் போடுங்க. வெளி ஹோனயும் போடுங்க. பொம்புளைகளும் ஊட்டுக்க இருந்து கேக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை அவரே வந்தார். கலந்தர் காக்கா வழக்கம்போல் மைக்கை ஊதப் போக, "ஊதாத" என்று அவர் கையைத் தட்டிவிட்டு மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இது இங்கிலீஸ் பாடம். இப்ப கேக்கப்போறது ரயில் சத்தம், கடல் இல்ல. ஆரும் ஓட வேணாம். இருந்து கேளுங்க."

ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸம்றா பாடத்தைத் தொடங்கினாள்.